எடுத்த படத்தை மறுபடி பார்க்கிறவர்கள்: பரிசோதனை ஆவணப்படம் என்றால் என்ன?

ஒருவர் தன்னை 'பரிசோதனை ஆவணப்பட இயக்குநர், ஒளிப்படக் கலைஞர்' என்று அறிமுகப்படுத்திக்கொண்டால், கேட்பவருக்கு அடுத்து என்ன கேட்பதென்றே தெரியாது. டிவியில் திமிங்கலம் காட்டுகிறவரா? செய்திக்குப் படம் எடுக்கிறவரா? இல்லை, சினிமா எடுக்க வந்து வாய்ப்புக் கிடைக்காமல் இதில் மாட்டிக்கொண்டவரா? (கடைசிக் கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், முகத்தில் ஓடும்.) எனக்கும் இந்தக் குழப்பம் ரொம்ப நாள் இருந்தது. முதன்முதலாக இப்படி ஒரு படம் பார்த்தபோது பாதியிலேயே எழுந்து போயிருப்பேன், வரிசைக்கு நடுவில் உட்கார்ந்திருந்ததால் தப்பிக்க முடியவில்லை. அதனால் ஒன்றுமே தெரியாதவருக்குச் சொல்வதுபோல அடியிலிருந்தே சொல்கிறேன்.

முதலில் 'ஆவணப்படம்' என்ற சொல். 'டாக்குமென்டரி' என்பதைப் படங்களுக்குப் பொருத்தி முதலில் எழுதியவராக எல்லோரும் சொல்வது ஸ்காட்லாந்துக்காரர் ஜான் கிரியர்சனை. 1926-இல் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் ராபர்ட் ஃபிளாஹர்ட்டியின் 'மோவானா' பற்றி எழுதியபோது அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். அதே ஃபிளாஹர்ட்டிதான் அதற்கு நான்கு வருஷம் முன்னால், 1922-இல், 'நானூக் ஆஃப் த நார்த்' எடுத்தவர். ஆர்க்டிக் பனியில் ஒரு குடும்பம் எப்படி வாழ்கிறது என்று காட்டும் படம். அதில் பனிவீட்டுக்குள் குடும்பம் தூங்கி எழும் காட்சி வரும். உண்மையான பனிவீட்டுக்குள் கேமராவும் நுழையாது, வெளிச்சமும் போதாது. என்ன செய்தார்கள்? பெரிதாக ஒரு பனிவீடு கட்டி, பாதியை வெட்டி எடுத்துவிட்டு, திறந்த வெளிச்சத்தில் அந்தக் குடும்பத்தைத் தூங்குவதுபோல நடிக்கவைத்தார்கள். நாம் 'அப்படியே காட்டுவது' என்று நம்பிக்கொண்டிருக்கும் வகைமையின் பிறந்தநாள் படத்திலேயே சுவர் பாதிதான் இருக்கிறது.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. எந்த ஆவணப்படத்திலும் யாரோ ஒருவர் கேமராவை எங்கே வைப்பது, எப்போது நிறுத்துவது, எதை வெட்டிப் போடுவது என்று முடிவு செய்கிறார். வழக்கமான ஆவணப்படம் அந்தக் கையை மறைத்துவிடும். ஒரு நம்பகமான குரல் பேசும், நிபுணர் ஒருவர் புத்தக அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து விளக்குவார், இசை எங்கே வருத்தப்பட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கும். பரிசோதனை ஆவணப்படம் அந்தக் கையைத் திரையிலேயே வைக்கிறது. வெட்டிய சுவரையும் சேர்த்துக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் பிரெஞ்சு இயக்குநர் கிரிஸ் மார்க்கர் 1957-இல் எடுத்த 'லெட்டர் ஃப்ரம் சைபீரியா'. யாகுட்ஸ்க் நகரத்துத் தெரு ஒன்று. ஒரு பேருந்து போகிறது, ஒரு கார் அதைக் கடக்கிறது, சில தொழிலாளர்கள் குனிந்து சாலையைச் சமன் செய்கிறார்கள், ஒருவர் கேமராவைப் பார்த்தபடி நடந்துபோகிறார். சில விநாடிகள்தான், பிரமாதமாக ஒன்றுமில்லை. மார்க்கர் இதை மூன்று விதமான பின்னணிக் குரலோடு மூன்று தடவை காட்டுகிறார். முதல் தடவை குரல் சோவியத்தைப் புகழ்கிறது: நவீன பேருந்து, உற்சாகமான தொழிலாளர்கள். இரண்டாம் தடவை அதே ஆட்கள் அடிமைகள் மாதிரி வேலை செய்கிறார்கள், அதே கார் பணக்கார அதிகாரிகளுக்கானது, நடந்துபோகிறவர் பார்வையே சரியில்லை. மூன்றாம் தடவை நடுநிலையான, தகவல் மட்டும் சொல்லும் குரல். படத்தில் ஒரு ஃபிரேம்கூட மாறவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் நம் கண் வேறு ஒன்றைப் பார்க்கிறது. இதில் ஆகப்பெரிய குறும்பு, அந்த மூன்றாவது 'நடுநிலை'யும் உண்மையைச் சொல்லிவிடவில்லை என்பதுதான். தொழிலாளர்கள் என்ன நினைத்தார்கள் என்று எந்தக் குரலுக்கும் தெரியாது.

சரி, இதற்கும் ஒளிப்படத்துக்கும் என்ன சம்பந்தம்? இந்தத் துறையில் இருப்பவர்களின் வாழ்க்கைக் குறிப்பை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் ஸ்டில் கேமராவோடு தொடங்கியிருக்கும். மார்க்கர் பயண வழிகாட்டி நூல்வரிசை ஒன்றுக்குப் பதிப்பாசிரியராக இருந்தவர், வாழ்நாள் முழுக்க ஒளிப்படம் எடுத்தவர். ஆன்யெஸ் வார்தா பாரிஸில் ஒரு தேசிய நாடகக் குழுவின் ஒளிப்படக்காரர். யோஹான் வான் டெர் கூக்கன் என்ற டச்சுக்காரர் 1955-இல், பள்ளியை விடும் வயதில், தன் நண்பர்களின் முகங்களை வைத்து ஒரு ஒளிப்பட நூலே வெளியிட்டுவிட்டார். ராபர்ட் ஃபிராங்க், ஹாலிஸ் ஃபிராம்ப்டன் எல்லோரும் இதே வழிதான். வேலை வாய்ப்பு அப்படி அமைந்தது என்பது ஒரு காரணம். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு.

ஒளிப்படக்காரரின் பாதி வேலை எடுத்து முடித்தபிறகுதான் தொடங்குகிறது. ஃபிலிம் காலத்தில் ஒரு ரோலில் 36 படங்கள். அதைக் கழுவியபின் எல்லா நெகட்டிவையும் ஒரே தாளில் வரிசையாக, தபால்தலை அளவில், அச்சு எடுப்பார்கள், அதுதான் கான்டாக்ட் ஷீட். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து, நன்றாக இருப்பதைச் சிவப்புப் பென்சிலில் கட்டம் போட வேண்டும். ஃபிராங்க் 1955 முதல் 1957 வரை அமெரிக்கா முழுக்கக் காரில் சுற்றி எடுத்தவை 27,000 படங்களுக்கும் மேல். 1958-இல் முதலில் பாரிஸில் வெளியான நூலில் இடம்பெற்றவை 83. மீதி எங்கே போயின? பெட்டியில். கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் அந்தப் பெட்டியோடு ஒரு மனிதன் வாழ வேண்டும். இந்த முகத்தை ஏன் விட்டேன், இந்த ஆள் அப்புறம் என்ன ஆனான், அன்றைக்கு நான் ஏன் அங்கே போனேன் என்று அது கேட்டுக்கொண்டே இருக்கும். ஃபிராங்க் அந்த நூலுக்குப் பிறகு திரைப்படத்துக்கு நகர்ந்தார். 1969-இல் எடுத்த குறும்படம் ஒன்றில் வளர்ந்துவிட்ட தன் பிள்ளைகளை உட்காரவைத்து, பழைய குடும்பப் படங்களைக் காட்டிப் பேச்சுக்கொடுக்கிறார். பிள்ளைகளுக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. அந்தச் சங்கடம்தான் படமே.

இந்தத் தொழிலை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: இவர்கள் எடுத்த படத்தை மறுபடி பார்க்கிறவர்கள். பத்து வருஷம், முப்பது வருஷம் கழித்துப் பார்க்கிறவர்கள். செய்திப் படக்காரருக்கு நேற்று எடுத்த படம் நேற்றோடு முடிந்தது. இவர்களுக்கு அப்போதுதான் தொடங்குகிறது.

வார்தாவின் 'யூலிஸ்' இதற்கு நேர் சாட்சி. 1954-இல் கூழாங்கல் கடற்கரை ஒன்றில் அவர் ஒரு ஒளிப்படம் எடுத்தார். ஆடையில்லாத ஒரு ஆள் கடலைப் பார்த்து நிற்கிறார், ஒரு சிறுவன் கல்மேல் உட்கார்ந்திருக்கிறான், முன்னால் ஒரு ஆடு செத்துக் கிடக்கிறது. அவ்வளவுதான். 28 வருஷம் கழித்து, 1982-இல், அந்த ஒரே ஒளிப்படத்தை வைத்து 22 நிமிடப் படம் ஒன்று செய்கிறார். படத்தில் இருந்தவர்களைத் தேடிப் போகிறார். சிறுவன் இப்போது வளர்ந்த ஆள். ஒளிப்படத்தைக் கையில் கொடுக்கிறார். அவருக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லை! அந்தக் காலத்தில் அதே காட்சியை அவரே வரைந்த ஓவியத்தையும் காட்டுகிறார். அதுவும் ஞாபகம் இல்லை. நாமெல்லாம் ஒளிப்படம் என்றால் நினைவின் பெட்டகம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். இங்கே பெட்டகம் பத்திரமாக இருக்கிறது, சாவி யாரிடமும் இல்லை. வார்தா விடுவதாக இல்லை. அன்றைக்கு நாட்டில் என்ன செய்தி ஓடிக்கொண்டிருந்தது என்று தேடுகிறார், கடைசியில் ஒரு ஆட்டிடமே அந்தப் படத்தைக் காட்டுகிறார். ஆடு அதைத் தின்றுவிடுகிறது. பார்த்தபோது சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், அந்தப் படத்துக்குக் கிடைத்த பதில்களிலேயே மிகத் தெளிவான பதில் ஆடு சொன்னதுதான்.

இதில் ஆவணம் எங்கே, பரிசோதனை எங்கே என்று பிரித்துப் பாருங்கள். ஒளிப்படம் உண்மை, தேடிப் போனது உண்மை, ஞாபகமின்மையும் உண்மை. அது ஆவணம். ஒரு நிலைப்படத்தை 22 நிமிடம் பார்க்க முடியுமா, எத்தனை பக்கத்திலிருந்து கேள்வி கேட்டால் அது பேசும் என்று சோதித்துப் பார்ப்பதுதான் பரிசோதனை. 'பரிசோதனை' என்றதும் புரியாத கோடுகளும் கீச்சுச் சத்தமும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியும் உண்டு, நிறையவே உண்டு, அதில் பாதி எனக்கே பொறுமையைச் சோதிக்கும். ஆனால் சொல்லின் நேர்ப் பொருள் ஆய்வகத்தில் இருப்பதுதான்: ஒன்றை மாற்றி வைத்தால் என்ன ஆகிறது என்று பார்ப்பது.

ஃபிராம்ப்டன் 1971-இல் செய்த 'நாஸ்டால்ஜியா'வில் அந்த மாற்றிவைத்தல் கொஞ்சம் கொடூரமானது. அவர் நியூயார்க்கில் ஒளிப்படக்காரராக இருந்த காலத்துப் படங்களை ஒவ்வொன்றாக ஒரு மின் அடுப்பின்மேல் வைக்கிறார். கேமரா மேலிருந்து அசையாமல் பார்க்கிறது. ஒரு குரல் அந்த ஒளிப்படத்தைப் பற்றிப் பேசுகிறது: யார் இது, எப்போது எடுத்தது, என்ன மனநிலை. கொஞ்ச நேரத்தில் அடுப்புக் கம்பியின் சுருள் வடிவம் தாளில் பழுப்பாகத் தெரிய ஆரம்பிக்கும், அப்புறம் கருகும், சுருளும், சாம்பலாகி நடுங்கும். ஆனால் குரல் சொல்லும் விவரங்கள் திரையில் இருப்பதோடு பொருந்தவே இல்லையே என்று நாம் குழம்பிக்கொண்டிருக்கும்போது அடுத்த ஒளிப்படம் வரும், அப்போதுதான் உறைக்கும்: குரல் பேசியது இதைப் பற்றி. அதாவது ஒவ்வொரு படத்தின் கதையும் அந்தப் படம் வருவதற்கு முன்பே சொல்லப்பட்டுவிடுகிறது. இப்போது நீங்கள் இரண்டு வேலை செய்ய வேண்டும், எரிகிற படத்துக்கு முன்பு கேட்டதை ஞாபகப்படுத்த வேண்டும், கேட்டுக்கொண்டிருப்பதை அடுத்த படத்துக்காகச் சேமிக்க வேண்டும். முழுதாக முடியாது. ஏதாவது ஒன்று நழுவும். கூடுதலாக ஒரு தகவல்: 'நான்' என்று பேசும் அந்தக் குரல் ஃபிராம்ப்டனுடையது இல்லை, மைக்கேல் ஸ்னோ என்ற இன்னொரு கலைஞருடையது.

இதெல்லாம் தன் சொந்தப் பெட்டியைக் கிளறும் வேலை. அடுத்தவர் எடுத்த படத்தை மறுபடி பார்ப்பதும் உண்டு, அதில் ஹாருன் ஃபரோக்கி என்ற ஜெர்மன் இயக்குநர் தனி ஆள். 1988-இல் வந்த அவருடைய படம் ஒன்று சில வான்வழி ஒளிப்படங்களைச் சுற்றி நகர்கிறது. 1944 ஏப்ரல் 4-ஆம் தேதி நேச நாடுகளின் விமானம் ஒன்று ஆஷ்விட்ஸ் பகுதியைப் படம் எடுத்தது. தேடியது தொழிற்சாலைகளை. படத்தை ஆராய்ந்தவர்கள் தொழிற்சாலையைச் சரியாக அடையாளம் கண்டு குறித்தார்கள். அதே படத்தில் நாஜிகளின் வதைமுகாமும் இருந்தது. அதைத் தேடச் சொல்லி யாரும் சொல்லவில்லை, அதனால் யாரும் பார்க்கவில்லை. 1977-இல் சி.ஐ.ஏ. ஊழியர்கள் இருவர் பழைய படங்களை எடுத்து மறுபடி பார்த்தபோதுதான் முகாம் 'தெரிந்தது'. 33 வருஷம் அது படத்திலேயே இருந்தது. ஃபரோக்கி கத்தவில்லை, சோக இசை போடவில்லை. அந்த ஒளிப்படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறார், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது.

இந்தத் திரும்பப் பார்த்தல் இன்று நேற்று வந்ததில்லை. 1929-இல் சோவியத்தில் ட்ஸிகா வெர்தோவ் எடுத்த 'மேன் வித் எ மூவி கேமரா'வில் ஓடிக்கொண்டிருக்கும் படம் திடீரென்று உறைந்து நிற்கும். குதிரை நிற்கும், முகங்கள் நிற்கும். அடுத்த ஷாட்டில் எடிட்டிங் மேசை. எலிஸவெத்தா ஸ்விலோவா ஃபிலிம் சுருளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். குழந்தை முகம் ஒன்று வெறும் நிலைப்படமாக ஃபிலிம் துண்டில் இருக்கிறது. அவர் வெட்டி ஒட்டுகிறார், முகம் சிரிக்கத் தொடங்குகிறது. ஸ்விலோவாதான் நிஜமாகவே அந்தப் படத்தின் எடிட்டர், வெர்தோவின் மனைவி. இந்த வகைப் படத்துக்கு யாராவது விளக்கம் கேட்டால் இந்த ஒரு நிமிடத்தைப் போட்டுக் காட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம்.

கருவி பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இங்கே பாணி என்று பேசப்படுவதில் பாதி கருவியின் குறைபாடுதான். போலெக்ஸ் என்ற 16 மிமீ கேமரா சாவி கொடுத்து ஓடுவது, கடிகாரம் மாதிரி. ஒரு தடவை முழுதாகச் சாவி கொடுத்தால் 28 விநாடி போல ஓடும், அவ்வளவுதான். 100 அடி ஃபிலிம் ரோல் மூன்று நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். 1949-இல் லிதுவேனியாவிலிருந்து அகதியாக நியூயார்க் வந்த யோனாஸ் மேக்காஸ் வந்த கொஞ்ச நாளிலேயே ஒரு போலெக்ஸ் வாங்கி, தெரு, நண்பர்கள், பனி, பூனை என்று துண்டு துண்டாக எடுத்துக்கொண்டே இருந்தார். அந்தத் துண்டுகள் 1976-இல்தான் 'லாஸ்ட், லாஸ்ட், லாஸ்ட்' ஆகின்றன. படபடவென்று கண்சிமிட்டுவதுபோல ஓடும் அவருடைய பாணியை ஏதோ தத்துவம் என்று எழுதுகிறார்கள், தத்துவமும் இருக்கலாம், ஆனால் சாவி தீர்ந்துவிடும் கேமராவும் வேலைக்கு நடுவே கிடைக்கும் சில நிமிடங்களும் அதில் நிச்சயமாக உண்டு. வார்தா 2000-இல் 'த க்ளீனர்ஸ் அண்ட் ஐ' எடுத்தபோது கைக்குள் அடங்கும் டிஜிட்டல் கேமரா வந்துவிட்டது. ஒரு கையில் கேமராவைப் பிடித்துக்கொண்டு தன் இன்னொரு கையை, சுருக்கம் விழுந்த தோலை, அவரே எடுக்கிறார். பெரிய கேமராவும் குழுவும் இருந்திருந்தால் அந்தக் காட்சி யாருக்கும் தோன்றியிருக்காது. 2012-இல் 'லெவியத்தன்' எடுத்த இருவர் கோப்ரோ என்ற குட்டிக் கேமராக்களை மீன்பிடிக் கப்பலின் மீன்களுக்கு நடுவிலும் தண்ணீருக்குள்ளும் விட்டார்கள். அங்கே யார் பார்க்கிறார்கள் என்றே சொல்ல முடியாது.

எடுக்கப்படுகிறவர் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்தத் தொழில் அவ்வளவு அழகாக இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். வான் டெர் கூக்கன் 1966-இல் ஹெர்மன் என்ற பார்வையற்ற சிறுவனைப் பற்றி ஒரு படம் எடுத்தார். துறுதுறுப்பான பையன், மைக்கைப் பிடித்துக்கொண்டு ரேடியோக்காரன் மாதிரி பேசுகிறான். நமக்கு அவனைப் பிடித்துப்போகிறது. அப்போது இயக்குநரின் குரல் வருகிறது: படத்தில் எல்லாமே வடிவம்தான், ஹெர்மனும் ஒரு வடிவம். அன்பான வடிவமே, போய் வா என்கிறார். படம் அவனை விட்டுவிட்டு வேறெங்கோ போகிறது. எவ்வளவு கல்மனசு என்று முதலில் தோன்றியது. இப்போது அது எனக்கு நேர்மையாகத் தெரிகிறது, மற்ற இயக்குநர்களும் படம் முடிந்ததும் விட்டுவிட்டுத்தான் போகிறார்கள், சொல்வதில்லை. இதே வான் டெர் கூக்கன் புற்றுநோய் வந்தபிறகு, கடைசிப் பெரிய படமாக, தன் உடம்பையும் பயணத்தையும் எடுத்து 2000-இல் வெளியிட்டார். வடிவமாவதற்குத் தன் முறை வந்தபோது அவரும் ஒளிந்துகொள்ளவில்லை. வியட்நாமில் பிறந்த டிரின் டி. மின்-ஹா செனகலில் எடுத்த 1982-ஆம் வருஷத்துப் படத்தில் வேறு வழி தேடினார். இந்த மக்களைப் 'பற்றி' நான் பேசப்போவதில்லை, அவர்கள் 'அருகில்' நின்று பேசுகிறேன் என்றார். ஒலியை நடுநடுவே வெட்டி மௌனமாக்கிவிடுவார், விளக்கம் எதிர்பார்த்துக் காதைத் தீட்டும்போது ஒன்றுமே இருக்காது.

இப்போது வயிற்றுப்பாட்டுக்கு வருவோம், எல்லோருக்கும் மனதுக்குள் இருக்கும் கேள்வி அதுதானே. படம் மட்டும் எடுத்துச் சாப்பிட்டவர்கள் மிகக் குறைவு. ஃபிராங்க் ஃபேஷன் பத்திரிகைகளுக்குப் படம் எடுத்தார். ஃபிராம்ப்டன் ஃபிலிம் லேபில் வேலை பார்த்தார், பிறகு பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். மின்-ஹாவும் பேராசிரியர். ஃபரோக்கி பல வருஷம் தொலைக்காட்சிக்குப் படம் செய்தும் எழுதியும் ஓட்டினார். பொதுவாகப் பணம் நான்கைந்து வாய்க்காலில் வருகிறது, எதிலும் வெள்ளம் வராது: கற்பித்தல், பிறருக்காகச் செய்யும் ஒளிப்பட வேலை, நிதிநல்கைகள், விழாக்களில் திரையிடல் கட்டணம், ஒளிப்பட அச்சு விற்பனை. நிதிநல்கை விண்ணப்பம் தனி வேடிக்கை. என்ன கிடைக்கும் என்று தெரியாமல் தேடிப் போவதுதான் இந்தப் படத்தின் இயல்பே, ஆனால் விண்ணப்பத்தில் என்ன கிடைக்கும் என்று ஆறு பக்கம் எழுத வேண்டும். எல்லோரும் எழுதுகிறார்கள். எழுதியது ஒன்று, வந்தது ஒன்று என்பது நல்கை கொடுப்பவர்களுக்கும் தெரியும்.

அப்புறம் கேலரி. கடந்த முப்பது வருஷத்தில் இந்த வகை ஆட்கள் நிறையப் பேர் திரையரங்கிலிருந்து கலைக்கூடத்துக்கு நகர்ந்திருக்கிறார்கள். ஃபரோக்கி 1990களின் நடுவிலிருந்து இரண்டு திரைகளில் அருகருகே ஓடும் நிறுவல்கள் (கூடத்தில் அமைத்து வைக்கும் கலைப்படைப்புகள்) செய்தார். வார்தா 75 வயதில், 2003 வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சியில், உருளைக்கிழங்குக் குவியலோடு மூன்று திரை நிறுவல் வைத்தார், தானே உருளைக்கிழங்கு வேஷம் போட்டுக்கொண்டு வந்து நின்றார். காரணம் கலை மட்டுமில்லை. திரையரங்கில் ஒரு படத்தை எத்தனை பேர் வேண்டுமானாலும் பார்க்கலாம், அதனால் ஒரு டிக்கெட்டின் விலைக்கு மேல் அதற்கு மதிப்பு ஏறாது. கேலரியில் அதே படத்தை மூன்று பிரதி, ஐந்து பிரதி என்று எண்ணிக்கை கட்டி, கையெழுத்திட்ட சான்றிதழோடு விற்பார்கள், ஒளிப்பட அச்சை விற்கிற முறையிலேயே. ஒளிப்படக்காரராகத் தொடங்கியவருக்கு இது பழகிய பாதை. ஆனால் கேலரியில் பார்வையாளர் நின்றபடி இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார். 40 நிமிடப் படத்தின் நடுவில் நுழைந்து நடுவிலேயே வெளியேறுவார். 'நாஸ்டால்ஜியா' மாதிரி வரிசையை நம்பி நிற்கும் படம் அங்கே செத்துப்போகும். எந்தப் படம் எங்கே என்று முடிவு செய்வதும் இந்த வேலையில் ஒரு திறமை.

ஆவணப்பட விழாக்களில் ஆம்ஸ்டர்டாமின் இட்ஃபா 1988-இலிருந்து நடக்கிறது, ஜப்பானின் யமகட்டா 1989-இலிருந்து இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. விநியோகத்துக்குக் கூட்டுறவு அமைப்புகளும் உண்டு. மேக்காஸும் நண்பர்களும் 1960களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் தொடங்கிய அமைப்பு படத்தைத் தரம் பார்த்துச் சேர்ப்பதில்லை. யார் கொடுத்தாலும் எடுத்துக்கொள்ளும், வாடகையைப் படம் எடுத்தவரே நிர்ணயிப்பார்.

அரசாங்கக் காசில்கூட இது நடந்திருக்கிறது. இந்தியாவில் 1948-இல் தொடங்கிய ஃபிலிம்ஸ் டிவிஷன் என்றால் படத்துக்கு முன்னால் ஓடும் அணைக்கட்டுத் திறப்பு விழா நியூஸ்ரீல்தான் பலருக்கு ஞாபகம் வரும். அதே அலுவலகத்திலிருந்து 1968-இல் பிரமோத் பதி, முகங்களும் இரைச்சலும் மின்னல் வேகத்தில் மோதும் 'எக்ஸ்ப்ளோரர்' எடுத்திருக்கிறார். இந்தச் சங்கிலியின் தமிழ்ப் பக்கக் கண்ணி என்றால் நான் ஆர்.வி. ரமணியைச் சொல்வேன். பத்திரிகை ஒளிப்படக்காரராகத் தொடங்கி, புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தவர். 2004 ஆழிப்பேரலையில் அவருடைய கேமரா மூழ்கிப்போனது, கடைசியாகப் பதிவான டேப்போடு. பிறகு 'மை கேமரா அண்ட் சுனாமி' என்று அந்தக் கேமராவைப் பற்றியே ஒரு படம் செய்தார். திரும்பிப் பார்ப்பதற்குப் படமே மிஞ்சாதபோது என்ன செய்வது என்ற கேள்வி அது.

இதில் இறங்க நினைக்கிறவருக்கு நான் சொல்லக்கூடிய நடைமுறை யோசனை சலிப்பூட்டுவது: எதையும் அழிக்காதீர்கள், எல்லாவற்றுக்கும் தேதியும் இடமும் எழுதி வையுங்கள். ஹார்ட் டிஸ்க் இரண்டு பிரதி, இரண்டு வெவ்வேறு இடத்தில். நான் ஒருமுறை மூன்று வருஷத்துப் படங்களை 'புதிது', 'புதிது2', 'கடைசி', 'உண்மையான கடைசி' என்ற ஃபோல்டர்களில் போட்டு வைத்திருந்தேன். தேடிய ஒரு முகம் இன்றுவரை கிடைக்கவில்லை. மங்கலாக விழுந்தது, ஆடிப்போனது, தவறுதலாகக் கேமரா ஓடி வெறும் தரையைப் பதிவு செய்தது, இதையும் வையுங்கள். 'த க்ளீனர்ஸ் அண்ட் ஐ' எடுக்கும்போது வார்தாவின் கேமரா அணைக்க மறந்ததால் தானாக ஓடிக்கொண்டிருந்தது, லென்ஸ் மூடி முன்னால் தொங்கி ஆடியது. அந்தத் தவறைத் தூக்கிப் போடாமல் இசை சேர்த்து 'லென்ஸ் மூடியின் நடனம்' என்று படத்திலேயே வைத்துவிட்டார்.

எதிலிருந்து பார்க்க ஆரம்பிப்பது? யோரிஸ் ஈவன்ஸின் 'ரெயின்', 1929, பன்னிரண்டு நிமிடம் போல வரும். பல மாதங்களாக விட்டுவிட்டு எடுத்த ஆம்ஸ்டர்டாம் மழைகளை ஒரே மழையாகக் கோர்த்தது, பேச்சே இல்லாததால் பயமில்லை. அடுத்து 'யூலிஸ்'. அதற்கடுத்து மார்க்கரின் 'லா ஜெத்தே', 1962, 28 நிமிடம். இது புனைகதை, ஆவணப்படமில்லை, ஆனால் கிட்டத்தட்ட முழுக்க ஒளிப்படங்களால் ஆனது. ஒரே ஒரு இடத்தில் படம் அசையும். எது என்று சொல்ல மாட்டேன், செல்போனைத் தள்ளி வைத்துவிட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் தவறவிட்டுவிடுவீர்கள்.

இந்த மூன்றும் பிடித்திருந்தால் மட்டும் மார்க்கரின் 'சான் சொலேய்', 1983. ஒன்றே முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். 1965-இல் ஐஸ்லாந்தில் ஒரு சாலையில் நடந்துபோகும் மூன்று குழந்தைகளோடு அது தொடங்கும். படம் முழுக்க ஒரு கற்பனை ஒளிப்பதிவாளரின் கடிதங்களை ஒரு பெண் வாசிக்கிறார்; கடிதம் எழுதும் அந்த ஆளுக்கு அதுதான் மகிழ்ச்சியின் படம், பல தடவை வேறு காட்சிகளோடு சேர்த்துப் பார்த்தாராம், எதனோடும் ஒட்டவில்லை. அதனால் அதைத் தனியாகப் போட்டு, பின்னால் நீளமாக வெறும் கறுப்பு ஃபிலிமை வைத்துவிட்டார். மகிழ்ச்சி தெரியாவிட்டால் கறுப்பாவது தெரியட்டும் என்று. படத்தின் கடைசிப் பகுதியில் அந்தக் குழந்தைகள் திரும்பி வருவார்கள், இந்தத் தடவை வெட்டாமல் முழுதாக. அப்புறம் அதே ஊர், எரிமலைச் சாம்பலுக்கு அடியில், வீட்டுக் கூரைகள் மட்டும் வெளியே தெரிய.